90 லட்சத்துக்கு எவ்வளவு இன்ஜின்? 2017 மஸ்டாங் வி8-ஆ, புது எம்340ஐ-ஆ?

#1 திருநகர்க்காரன்

வணக்கம். நேரே விஷயத்துக்கு வருகிறேன். ஆன்ரோடு 90 லட்சம் வரை போட முடியும். அதற்கு மேல் இல்லை, கடனும் வாங்குவதாக இல்லை. இதுவரை ஓட்டியதெல்லாம் டீசல். இந்த ஒரு வண்டியை மட்டும் குடும்பத்துக்கு என்று இல்லாமல் எனக்காக வாங்க நினைக்கிறேன்.

பார்த்து வைத்திருப்பது இரண்டு. ஒன்று 2017 ஃபோர்டு மஸ்டாங் ஜி.டி., 5 லிட்டர் வி8. கோவையில் ஒருவர் விற்கிறார், என் கைக்கு எட்டும் விலைதான், ஓடியதும் குறைவு. இன்னொன்று புது பி.எம்.டபிள்யூ. எம்340ஐ, 3 லிட்டர், உள்ளே கூடுதல் காற்றை அடைக்கும் டர்போ, ஆறு சிலிண்டர். மஸ்டாங்குக்கு 401 குதிரைத்திறன், இதற்கு 374. ஆனால் 0-100, அதாவது நின்ற இடத்திலிருந்து 100 கி.மீ. வேகத்தைத் தொடுவது என்று வந்தால் பி.எம்.டபிள்யூ. 4.4 வினாடியில் முடித்துவிடுகிறது, மஸ்டாங் பின்னால் வருகிறது. இன்ஜினும் பெரிது, குதிரையும் அதிகம், அப்படியும் தோற்கிறது என்றால் நான் எதற்குக் காசு கொடுக்கிறேன்?

ஓட்டம் எப்படி என்றால், வேலை விஷயமாக விருதுநகர், நேரம் கிடைத்தால் கொடைக்கானல். மற்ற நாளெல்லாம் மதுரை காளவாசல், கோரிப்பாளையம் நெரிசல்தான்.

#2 வி8 வெறியன் (திண்டுக்கல்)

மஸ்டாங்கை எடுங்கள், இழையை மூடிவிடலாம் 😀

சரி, காரணமும் சொல்கிறேன். பெரிய இன்ஜின், டர்போ இல்லை. காலை எவ்வளவு அழுத்துகிறீர்களோ அவ்வளவு வரும், அழுத்திய நொடியிலேயே வரும். எம்340ஐ-யில் கேபினுக்குள் கேட்கும் சத்தத்தில் ஒரு பங்கு ஸ்பீக்கர் வழியாக வருவது. அதற்குப் போய் 90 லட்சமா? ஒரு தடவை சிறுமலை 18 கொண்டை ஊசி வளைவிலும் கண்ணாடியை இறக்கிவிட்டு வி8 ஓட்டிப் பாருங்கள், அப்புறம் வினாடிக் கணக்கைப் பேசுவோம்.

#3 கயல்

ஊர் மேலூர், சென்னையில் இன்ஜின் காலிப்ரேஷன் வேலை. முதல் பதிவில் கேட்ட கேள்விக்கு மட்டும் பதில் சொல்கிறேன், எதை வாங்குவது என்பது அவர் பாடு.

401, 374 இரண்டுமே உச்சத்தில் கிடைக்கும் எண். மஸ்டாங் அந்த 401-ஐ நிமிடத்துக்கு 6,500 சுற்று வாக்கில்தான் தருகிறது. டார்க், அதாவது சுழற்றும் விசை, 515, அது 4,250 சுற்றில். எம்340ஐ-க்கு 500 டார்க், ஆனால் 1,900 வாக்கிலேயே வந்து 5,000 வரை அப்படியே நிற்கிறது. மேலே எட்டு கியர், நான்கு சக்கர இழுவை. மஸ்டாங்குக்கு ஆறு கியர், பின்சக்கரம் மட்டும். முதல் 50 மீட்டரில் தோற்பது இன்ஜின் இல்லை, டயர்.

டர்போ என்றாலே தாமதம் என்ற பேச்சும் இந்த இன்ஜினுக்கு அவ்வளவாகப் பொருந்தாது. இருப்பது ஒரே டர்போ. ஆனால் முதல் மூன்று சிலிண்டரின் புகை ஒரு வழியாகவும் அடுத்த மூன்றின் புகை இன்னொரு வழியாகவும் டர்போவின் விசிறிக்கு, அதாவது டர்பைனுக்குப் போகிறது. ஆறு சிலிண்டரில் வெடிப்பு வரிசை 1-5-3-6-2-4, அதாவது இந்தப் பக்கம் ஒன்று, அந்தப் பக்கம் ஒன்று என்று மாறி மாறி வரும். ஒரு வெடிப்பின் அழுத்தம் அடுத்ததன் மேல் மோதாமல் டர்பைனை ஒழுங்காகத் தள்ளும். வரிசை ஆறு சிலிண்டரை பி.எம்.டபிள்யூ. விடாமல் வைத்திருப்பதற்கு இதுவும் ஒரு காரணம்.

கொடைக்கானல் என்றீர்கள். கடல் மட்டத்திலிருந்து 2,100 மீட்டர். டர்போ இல்லாத இன்ஜினுக்கு ஏறத்தாழ நூறு மீட்டருக்கு ஒரு சதவீதம் சக்தி குறையும். வத்தலக்குண்டில் 401 என்றால் கொடைக்கானல் ஏரிக்கரையில் 320, 325 இருக்கும். காற்று மெலிந்தால் டர்போ இன்னும் வேகமாகச் சுற்றி ஈடுகட்டப் பார்க்கும், அதனால் அங்கே இழப்பு குறைவு. மலைமேல் போய்ப் பார்த்தால் பெரிய இன்ஜின் எது என்பதே மாறிவிடும்.

#4 மின்னல்

ரூபாய்க்கு எவ்வளவு என்று கேட்பவர் பி.ஒய்.டி. சீலைப் பார்க்கவே இல்லையா? 2024-இல் வந்தபோது மேல் ரகம் 53 லட்சம், 530 குதிரை, 3.8 வினாடி. ஒரு குதிரைக்குச் சரியாகப் பத்தாயிரம். மஸ்டாங் 2016-இல் புதிதாக வந்த விலை 65 லட்சம், குதிரைக்கு 16,200. எம்340ஐ 2022 டிசம்பரில் 69.20 லட்சம், குதிரைக்கு 18,500. நிஸான் ஜி.டி.ஆர். 2016-இல் 1.99 கோடிக்கு வந்தது, 570 குதிரை, குதிரைக்கு 35 ஆயிரம் ஆகிறது. இன்ஜின் தொழில்நுட்பம் என்று இன்னும் எத்தனை நாள் பேசிக்கொண்டிருப்பீர்கள்?

#5 வி8 வெறியன் (திண்டுக்கல்)

குதிரைக் கணக்குத்தான் என்றால் லாரி இன்ஜினை வாங்கி மாட்டலாமே தம்பி. சீல் இரண்டு டன்னுக்கு மேல் எடை. நேர்கோட்டில் பறக்கும், சரி. அடுத்த வளைவில் அந்த எடையை யார் நிறுத்துவது?

#6 கணக்கப்பிள்ளை

மின்னல் போட்ட கணக்கு தப்பில்லை, ஆனால் அது இன்ஜினின் விலை இல்லை, வரியின் விலை. மின்வண்டிக்கு ஜி.எஸ்.டி. 5 சதவீதம். பெரிய பெட்ரோல் வண்டிக்கு 2025 செப்டம்பரிலிருந்து 40 சதவீதம். அதற்கு முன் 28-உம் அதன் மேல் செஸ்ஸும்.

முழு வண்டியாக இறக்குமதி ஆகும் 40,000 டாலருக்கு மேற்பட்ட காருக்கு 2025 பட்ஜெட்டுக்குப் பிறகு சுங்கம் 70, விவசாயக் கட்டமைப்பு வரி 40, மொத்தம் 110. விலை குறையப்போகிறது என்று அப்போது செய்தி ஓடியது. கூட்டிப் பார்த்தால் பழைய 110-தான். இப்போது துறைமுகத்துக்கு 100 ரூபாய்க்கு வந்து இறங்கும் வண்டியை எடுத்துக்கொள்ளுங்கள். சுங்கம் சேர்ந்து 210. அதற்கு மேல் 40 சதவீதம் என்றால் 294. தமிழ்நாட்டில் 2023 நவம்பரிலிருந்து 20 லட்சத்துக்கு மேற்பட்ட காருக்குச் சாலை வரி 20 சதவீதம், அதையும் போட்டால் ஏறக்குறைய 353. கம்பெனி லாபம், டீலர் லாபம், காப்பீடு எதையும் நான் இன்னும் தொடவில்லை.

எம்340ஐ அந்த வழியில் வருவதில்லை. உதிரிகளாக வந்து சிங்கப்பெருமாள் கோவில் பக்கம் மகேந்திரா சிட்டி ஆலையில் பூட்டப்படுகிறது, சுங்கம் வெகுவாகக் குறைந்துவிடும். திருநகர்க்காரர் 'எதற்குக் காசு கொடுக்கிறேன்' என்று கேட்டாரே, இறக்குமதி ஸ்போர்ட்ஸ் கார் வாங்குகிறவர் முதலில் கொடுப்பது அரசாங்கத்துக்கு. இன்ஜினுக்குக் கொடுப்பது மிச்சத்தில்.

#7 ஷார்ஜா மாப்ள

கணக்கப்பிள்ளை சொன்னதற்கு ஒரு சாட்சி. பி.எம்.டபிள்யூ. எம்2 இருக்கிறதே, அதே 3 லிட்டர், 2023-இல் வந்தபோது 460 குதிரை, முழுமையாக இறக்குமதி. அப்போது இந்தியாவில் 98 லட்சம். எம்340ஐ-க்கும் அதற்கும் ஏறக்குறைய 29 லட்சம் வித்தியாசம். அமெரிக்காவில் அந்த இரண்டுக்கும் நடுவே சில ஆயிரம் டாலர்தான். இங்கே எங்களுக்குச் சுங்கம் 5, வாட் 5, முடிந்தது.

அமெரிக்காவில் 2020-இல் வந்த கார்வெட், இன்ஜின் நடுவில், 6.2 லிட்டர் வி8, 490 குதிரை, ஆரம்ப விலை 60,000 டாலருக்குள். அந்த இன்ஜினைப் பார்த்து 'பழைய புஷ்ராட்' என்று சிரிப்பவர்கள் உண்டு. வி வடிவத்துக்கு நடுவில் ஒரே ஒரு கேம்ஷாஃப்ட் (வால்வைத் திறக்கும் தண்டு), அது நீளக் கம்பிகளால் வால்வைத் தள்ளுகிறது. மற்ற பல வி8-களில் நான்கு. சாமான் குறைவு, உயரம் குறைவு, செலவும் குறைவு. காசுக்கு ஏற்ற இன்ஜின் என்று எதையாவது சொல்வதானால் நான் அதைத்தான் சொல்வேன். நம்ம ஊருக்கு வராது, அது வேறு கதை.

#8 திருநகர்க்காரன்

நான் இரண்டு வண்டி கேட்டேன், நீங்கள் எனக்கு ஆறு காட்டிவிட்டீர்கள். மின்வண்டி வேண்டாம் மின்னல், கோபித்துக்கொள்ளாதீர்கள். கடைசியாக ஒரு பெட்ரோல் இன்ஜின் ஓட்டிவிட வேண்டும் என்ற ஆசைதான் இது.

எனக்கு இன்னும் விளங்காதது ஒன்று. எம்2-வும் எம்340ஐ-யும் ஒரே 3 லிட்டர் ஆறு சிலிண்டர் என்றால், வரியைக் கழித்த பிறகு மிச்சமிருக்கும் வித்தியாசத்துக்கு இன்ஜினில் என்னதான் கூடுதலாக இருக்கிறது?

#9 கயல்

நல்ல கேள்வி. விளம்பரத்தில் இதற்குப் பதில் கிடைக்காது, ஏனென்றால் கூடுதல் காசு போகும் இடம் சூடு.

எம்340ஐ-யின் பி58 ஏற்கெனவே கெட்டியான இன்ஜின். சிலிண்டரைச் சுற்றி மேல்தளம் மூடிய வார்ப்பு. சிலிண்டருக்குள் இரும்புக் குழாய் சொருகாமல், கம்பியை மின்பொறியில் உருக்கி மெல்லிய பூச்சாக அடிக்கிறார்கள். ஜி.டி.ஆர்.-இல் நிஸான் 2007-இலேயே பிளாஸ்மா பூச்சு செய்தது, கனம் 0.15 மில்லிமீட்டர். குழாய் இல்லாததால் எடையும் குறையும், சூடும் நேரே அலுமினியத்துக்கு இறங்கிவிடும். சூப்பர் கார் வேலை என்று அன்று பேசப்பட்டது, இன்று உங்கள் செடானில் இருக்கிறது.

எம்2-வின் எஸ்58-இல் டர்போ இரண்டு. சிலிண்டர் ஹெட்டை வார்க்கும் மணல் அச்சை முப்பரிமாண அச்சில் எடுக்கிறார்கள், தண்ணீர் போகும் வழியைச் சாதாரண வார்ப்பில் கிடைக்காத வளைவுகளில் கொண்டுபோகலாம் என்பதற்காக. வளைவில் வேகமாகத் திரும்பும்போது எண்ணெய் ஒரு பக்கம் ஒதுங்கி பம்ப் காற்றை உறிஞ்சக் கூடாது, அதற்குத் தனி ஏற்பாடு. ரேடியேட்டர்களும் கூடுதல்.

இதெல்லாம் ஒரே ஒரு 0-100 ஓட்டத்தில் தெரியாது. இருபது நிமிடம் விடாமல் விரட்டினால் தெரியும். செட்டிபாளையம் கரி ஸ்பீட்வே பந்தயத் தடத்துக்கு அடிக்கடி போகிறவர் என்றால் அந்தக் காசுக்கு அர்த்தம் உண்டு. கப்பலூர் டோலைத் தாண்டி விருதுநகர் போய்த் திரும்புகிறவருக்கு இல்லை. நான்குவழிச் சாலையில் வேக வரம்பே 100.

லிட்டருக்கு எவ்வளவு குதிரை என்று பெருமை பேசுகிற இன்ஜின்களையும் இப்படித்தான் பார்க்க வேண்டும். மெர்சிடிஸ் ஏ.எம்.ஜி. ஏ45 எஸ், 2 லிட்டரில் 421 குதிரை, டர்போ அழுத்தம் 2.1 பார் வரை. அபாரமான வேலை, ஒரே ஆள் நின்று கையால் பூட்டுவது. ஆனால் அவ்வளவு அழுத்தத்தில் ஓடும் இன்ஜினுக்கு மதுரை மே மாதக் காற்று நண்பன் இல்லை. குதிரைத்திறனை 25 டிகிரிக் காற்றுக்குச் சரிசெய்து எழுதுவது வழக்கம். இங்கே வெளியே 40. நெரிசலில் நிற்கும்போது பானெட்டுக்கு அடியில் அதைவிட அதிகம். காற்று சூடானால் நாக்கிங், அதாவது பெட்ரோல் ஒழுங்கில்லாமல் வெடித்துத் தட்டுவது, வரும், அது வராமலிருக்க கணினி ஸ்பார்க்கைப் பின்னுக்கு இழுக்கும், வாங்கிய குதிரை அங்கே காணாமல் போகும். பி58-இல் காற்றைக் குளிர்விக்கும் இன்டர்கூலர் தண்ணீரில் ஓடுவது, இன்டேக் மேனிஃபோல்டுக்குள்ளேயே இருப்பது. பாதை குட்டை என்பதால் துடிப்பு நன்றாக இருக்கும். ஆனால் கோரிப்பாளையத்தில் நின்று தண்ணீரே சூடாகிவிட்டால், பாலம் ஏறிக் காற்று வாங்கும் வரை அதனாலும் பெரிதாக ஒன்றும் செய்ய முடியாது.

#10 வி8 வெறியன் (திண்டுக்கல்)

ஆக, மதுரை வெயிலுக்கு டர்போ இல்லாத வி8 என்று அக்காவே தீர்ப்பு சொல்லிவிட்டார் 🙏

#11 கயல்

சொல்லவில்லை. சூட்டில் இரண்டுமே இழக்கும், டர்போ கொஞ்சம் கூடுதலாக இழக்கும், அவ்வளவுதான். மேலேறினால் வி8 இழக்கும் என்று முதலிலேயே சொல்லியிருக்கிறேன், அதையும் சேர்த்துப் படியுங்கள் தம்பி.

#12 ஒத்தக்கடை பட்டறை

எல்லாரும் வாங்குகிற விலையைப் பேசுகிறீர்கள். வைத்துக்கொள்கிற விலையை நான் சொல்கிறேன். ஜெர்மன் வண்டிகள் என் பட்டறைக்கு வாரண்டி முடிந்த பிறகுதான் வரும்.

இப்போதைய டர்போ பெட்ரோல் இன்ஜின்களில் பெரும்பாலும் பெட்ரோல் நேரே சிலிண்டருக்குள் பீச்சப்படுகிறது. உள்ளே குளிர்ச்சி, நாக்கிங் குறையும், சக்தி கூடும், நல்லதுதான். ஆனால் இன்டேக் வால்வின் முதுகில் பெட்ரோல் படுவதே இல்லை. இன்ஜினின் அடிப்பகுதியான கிராங்கேஸிலிருந்து திரும்பி வரும் எண்ணெய்ப் புகை மட்டும் படுகிறது. போன வாரம் ஒரு வண்டியில் காற்று உள்ளே போகும் மேனிஃபோல்டைக் கழற்றினேன். வால்வுத் தண்டைச் சுற்றி அடிப்பிடித்த பணியாரச் சட்டி மாதிரி கறுப்பாக ஏறியிருந்தது. ஸ்க்ரூ டிரைவர் முனையால் தட்டினால் ஓடு ஓடாகப் பெயர்கிறது. அந்த ஓட்டில் ஒரு துண்டு உள்ளே விழுந்தால் வேறு வினை. வால்வை மூடிய நிலையில் நிறுத்தி, வால்நட் ஓட்டுத் தூளைக் காற்றில் அடித்து, வேக்குவத்தில் உறிஞ்சி எடுக்க வேண்டும். ஒவ்வொரு சிலிண்டராகச் செய்தால் ஒரு முழு நாள் போய்விடும். அந்த வண்டிக்காரர் வந்தது 'காலையில் ஸ்டார்ட் பண்ணினால் ஒரு உதறல்' என்று மட்டும் சொல்லி.

2017 மஸ்டாங் 5 லிட்டரில் இந்தத் தொல்லை இல்லை. அதில் பெட்ரோல் வால்வுக்கு முன்னாலேயே பீச்சப்படுகிறது, ஓடும்போதே வால்வு கழுவிக்கொண்டே இருக்கும். 2018-இல் அமெரிக்காவில் வந்த அடுத்த இன்ஜினில் ஃபோர்டு இரண்டு விதமாகவும் பீச்சும் ஏற்பாட்டைப் போட்டது. டர்போ இல்லை, இன்டர்கூலர் இல்லை, அதன் குழாய்கள் இல்லை. கெடுவதற்குச் சாமானே குறைவு. இன்ஜினை மட்டும் பார்த்தால், நீண்ட நாள் வைத்துக்கொள்கிறவனுக்கு அதுதான் காசுக்கு ஏற்றது என்பேன்.

இன்ஜினை மட்டும் பார்த்தால் என்று சொன்னேன், கவனிக்கவும். 2021-இல் ஃபோர்டு இங்கே தயாரிப்பை நிறுத்துவதாக அறிவித்துவிட்டது. ஃபில்டர், பிளக் எல்லாம் வாங்கிவிடலாம். ஹெட்லைட் உடைந்தாலோ முன் பம்பர் போனாலோ வெளிநாட்டிலிருந்து வரும் வரை வண்டி மூலையில் நிற்கும். நம்ம ஊர் பஸ்காரன் உரசிவிட்டுப் போவதற்கு வி8, வரிசை ஆறு என்ற வித்தியாசம் தெரியாது.

#13 கணக்கப்பிள்ளை

அண்ணே சொன்னதோடு பெட்ரோலையும் சேர்த்துக்கொள்ளுங்கள். 2023 ஏப்ரலிலிருந்துதான் 20 சதவீத எத்தனாலைத் தாங்கும் சாமான்களோடு வண்டிகள் வர ஆரம்பித்தன. 2017 வண்டிக்கு அது பொருந்துமா?

#14 கயல்

எத்தனாலை முழு வில்லனாக்க வேண்டாம். அதற்கு ஆக்டேன், அதாவது நாக்கிங்கைத் தாங்கும் அளவு, அதிகம், ஆவியாகும்போது காற்றைக் குளிர்விக்கும், டர்போ இன்ஜினுக்கு அதில் லாபம்கூட உண்டு. இ20, அதாவது 20 சதவீதம் எத்தனால் கலந்த சாதாரண பெட்ரோலின் ஆக்டேன் இப்போது 95 என்கிறது அரசு, முன்பு 91. ஆனால் லிட்டருக்கு லிட்டர் பெட்ரோலைவிட எத்தனாலில் மூன்றில் ஒரு பங்கு வெப்பம் குறைவு, அதனால் மைலேஜ் இறங்கும். வி8 வாங்குகிறவர் மைலேஜ் கேட்கப்போவதில்லை என்று நம்புகிறேன்.

2017 மஸ்டாங்கை இ20-க்கென்று வடிவமைக்கவில்லை. உடனே எதுவும் ஆகிவிடாது. மாதக்கணக்கில் டேங்கில் பெட்ரோலோடு நிறுத்தி வைப்பதுதான் கெடுதல். ரப்பர் குழாய், சீல் எல்லாவற்றையும் வருடம் ஒருமுறை பார்த்துக்கொண்டால் போதும்.

#15 மின்னல்

டேங்க், ரப்பர் குழாய், வால்நட் ஓடு. சரி, நான் எதுவும் பேசவில்லை.

#16 திருநகர்க்காரன்

வீட்டில் உட்கார்ந்து யோசித்ததில் எனக்குப் பட்டது இது. எம்340ஐ-யில் என் பணத்தில் பெரும்பகுதி வண்டிக்கே போகிறது, நெரிசலிலும் மலையிலும் ஒரே மாதிரி நடக்கும், வாரண்டி உண்டு. கணக்குப்படி அதுதான் சரி. ஆனால் புது வண்டியின் விலை முதல் மூன்று வருஷத்தில் எவ்வளவு இறங்கும் என்று நினைத்தால் வயிற்றைக் கலக்குகிறது. மஸ்டாங்கில் அந்த அடியை முதல் சொந்தக்காரர் வாங்கிவிட்டார். மிச்சமாகும் பணத்தை உதிரி சாமானுக்கென்று தனியாக ஒதுக்கிவிடலாம்.

பட்டறை அண்ணே, அந்தக் கோவை வண்டியைப் பார்க்கப் போனால் எதையெல்லாம் பார்க்க வேண்டும்?

#17 ஷார்ஜா மாப்ள

மாப்ள விழுந்துட்டான் 😂

#18 ஒத்தக்கடை பட்டறை

தம்பி, குறைவாக ஓடியது என்ற பேச்சிலேயே முதலில் மயங்காதீர்கள். இத்தனை வருஷத்தில் குறைவாக ஓடியது என்றால் நின்ற நாள் அதிகம். டயரின் பக்கவாட்டில் நான்கு இலக்கம் இருக்கும், எந்த வாரம், எந்த வருஷம் என்று. கட்டை தேயாமல் பளபளவென்று இருந்தாலும் 2017 டயர் என்றால் கழற்றிப் போட வேண்டியதுதான். நாலு டயரின் விலையை அப்போதே பேச்சில் குறைத்துவிடுங்கள்.

வண்டி இடையில் சென்னையில் இருந்ததா என்று கேளுங்கள். 2023 டிசம்பர் வெள்ளத்தில் மூழ்கி, கழுவித் துடைத்து விற்ற வண்டிகள் உண்டு. சீட்டை முழுக்கப் பின்னால் தள்ளி அதன் தண்டவாளத்தையும், கார்ப்பெட்டைத் தூக்கி அடியிலிருக்கும் வயர் முடிச்சுகளையும் பாருங்கள். துரு அங்கேதான் மறைந்திருக்கும். சீட் பெல்ட்டைக் கடைசி வரை இழுங்கள், சேற்றுக் கோடு தெரியும்.

இன்ஜினில் எட்டு சிலிண்டருக்கும் கம்ப்ரஷன், அதாவது உள்ளே காற்று அமுங்கும் அழுத்தம், பார்க்க வேண்டும். எண்கள் பெரிதாக இருப்பதைவிட எட்டும் ஒட்டி இருப்பதுதான் முக்கியம். ஒன்றில் மட்டும் குறைந்தால் காற்றை அடைத்து எங்கே கசிகிறது என்று காதை வைத்துக் கேட்க வேண்டும். ரேடியேட்டர் மூடியில் எண்ணெய்ப் பிசுக்கு இருக்கிறதா என்று திறந்து பாருங்கள். பின்சக்கர டிஃபரன்ஷியலில் ஊளை, கியர் மாறும்போது உதை, இவை ஓட்டிப் பார்த்தால் தெரிந்துவிடும். இப்படி ஒரு வண்டியை வாங்கியவன் ஸ்டார்ட் லைனில் டயரைப் புகைய விடாமல் இருந்திருக்க மாட்டான், அதனால் பின் பக்கத்தைக் கூடுதலாகப் பாருங்கள்.

#19 திருநகர்க்காரன்

அண்ணே, நீங்களே ஒரு எட்டு வந்துவிடுங்களேன். ஞாயிற்றுக்கிழமை போகலாமா? வண்டி என்னுடையது, சாப்பாடும் என்னுடையது.

#20 கணக்கப்பிள்ளை

போகும் முன் ஆர்.சி. நகலை வாங்கி, அதில் கடன் பதிவு இருக்கிறதா என்று பாருங்கள். தமிழ்நாட்டு வண்டி தமிழ்நாட்டிலேயே பேர் மாறினால் ஆயுள் வரியை மறுபடி கட்ட வேண்டியதில்லை. வேறு மாநில எண் என்றால் பேச்சையே அங்கே நிறுத்திவிடுங்கள், உங்கள் பட்ஜெட் தாங்காது.

#21 ஒத்தக்கடை பட்டறை

ஞாயிறு மச்சினன் வீட்டு விசேஷம், நகர முடியாது. திங்கள் விடியற்காலம் கிளம்பலாம். கம்ப்ரஷன் கேஜ், கேமரா எல்லாம் நான் எடுத்து வருகிறேன். விற்கிறவரிடம் ஒன்று மட்டும் கண்டிப்பாகச் சொல்லிவையுங்கள்: நாம் போய் நிற்கும் வரை வண்டியை ஸ்டார்ட் பண்ணக் கூடாது. பானெட்டைத் தொட்டுப் பார்ப்பேன். சூடாக இருந்தால் டீ குடித்துவிட்டு அப்படியே திரும்பிவிடுவோம்.